வெளியே போன பெட்டி

20.1.97, திங்கள்

நல்ல பனி. எட்டு மணி வரை எதிர்வீட்டு மதில் தெரியவில்லை. பால் இன்றும் தண்ணீர். கேட்டதற்குப் பால்காரர், "குளுருக்கு மாடு நெறையத் தண்ணி குடிச்சுப்போடுதுங்கம்மா" என்கிறார். இந்தப் பதிலுக்காக இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் இல்லை.

வேலைகள்:
மேல்தொட்டி வால்வு (நாளை சிறுவாணித் தண்ணீர் முறை)
செலினுக்கு இருமல் மருந்து
போலீஸ் கமிஷனர் அலுவலகம், வெளிநாட்டினர் பிரிவு

மூன்றாவதை எல்லாம் என் நாட்குறிப்பில் எழுத நேரும் என்று நினைத்ததில்லை. செலின் போத்தனூரில் பிறந்தவள். அப்பா ரயில்வே. கான்வென்ட்டில் எனக்குப் பக்கத்து இடம், பள்ளி முடியும் வரை. நர்ஸாகப் பெல்ஜியம் போனாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அந்த நாட்டுக் குடியுரிமையே வாங்கிவிட்டாள். ஆக, கோயமுத்தூரில் அவள் இப்போது வெளிநாட்டவள். அக்டோபர் கடைசியில் என் வீட்டுக்கு வந்தாள். விசா மூன்று மாதத்துக்கு. பொங்கல் கழிந்ததும் காய்ச்சல். விமானத்தை 31-க்குத் தள்ளிப் போட்டோம். விசா 24-ல் முடிகிறது. ஒரு வாரம் நீட்டிக்க வேண்டும்.

அதிகாரி சின்ன வயது. மரியாதை தெரிந்தவர்.

"அம்மாவுக்குச் சொந்த ஊரு எதுங்க?"

"போத்தனூருங்க," என்றாள் செலின்.

"பாஸ்போர்ட்டுல பெல்ஜியம்னு இருக்குதுங்களே?"

"அது குடியிருக்கற ஊருங்க. நீங்க சொந்த ஊரைத்தானுங்களே கேட்டீங்க?"

சிரித்துவிட்டார். பிறகு என் பக்கம் ஒரு தாளை நகர்த்தினார். இவர் தங்குவது, சாப்பாடு, நோய் வந்தால் வைத்தியம், தேதி தவறாமல் திரும்பிப் போவது, எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு. கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்தைப் பார்த்து, "அச்சு மாதிரி இருக்குதுங்கம்மா" என்றார். இருக்கத்தான் செய்யும்.

வாசலுக்கு வந்ததும் செலின் என் கையைக் கோத்துக்கொண்டாள். "இனி நானு உன் பொறுப்பு அம்மணி. ஐஸ்கிரீம் வாங்கிக் குடு."

இருமல் என்று வாங்கித் தரவில்லை.

21.1.97, செவ்வாய்

தண்ணீர் வந்தது, கலங்கல். பக்கத்து வீட்டு ஜைனப் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினாள். ரம்ஜான் மாதம் முழுக்க அனுப்புவாள். செலின் இரண்டு கிண்ணம்.

சாயங்காலம் அவள் ஊர்க் கதை. வீட்டுக்குப் பின்னால் குன்று, உச்சியில் ஒரு கல். பெல்ஜியம், ஹாலந்து, ஜெர்மனி மூன்றும் அந்தக் கல்லில் சேர்கின்றன. கல்லைச் சுற்றி வந்தால் மூன்று நாடு. ரொட்டி ஒரு நாட்டில் வாங்குகிறாள், பல்லுக்கு இன்னொரு நாட்டில் வைத்தியம். எல்லைச்சாவடி பூட்டிக் கிடக்கிறதாம், ஜன்னலில் யாரோ பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள்.

"அப்படியானால் அடையாள அட்டையே வேண்டாமா?" என்றேன்.

"பையில வெச்சுக்கோணும். கேக்க மாட்டாங்க. கேட்டாக் காட்டோணும்."

அது சரி. சோதனை இல்லை என்பதற்காகச் சட்டம் இல்லை என்று ஆகிவிடாது. அந்த நாட்டவர்களுக்கு இது புரிந்திருக்கிறது.

பள்ளியில் ஐரோப்பாப் படம் வரைவோம், எல்லைக்குச் சிவப்பு மை. என் கோடு நூல் பிடித்தாற்போல. செலினின் கோடு வழுக்கி, பெல்ஜியத்தைக் கொண்டுபோய் ஹாலந்துக்குள் விடும். சிஸ்டரிடம் ஸ்கேல் அடி அவளுக்கு. இன்று பார்த்தால் அவள் படம்தான் சரி.

22.1.97, புதன்

வெயில் உண்டு, சூடு இல்லை. கழுத்துக்குப் பழுப்புச் சால்வை. (அவர் குன்னூரில் வாங்கித் தந்தது. அவர் போய்ப் பதினோரு வருடம், சால்வையில் ஒரு நூல் பிரியவில்லை.)

செலின் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், "ஏப்ரல்ல வா. குன்று பூராப் பூவு." இதய டாக்டர் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இனி நெடுந்தூர விமானம் கூடாது, இந்தப் பயணமே கடைசி. ஆகவே விஷயம் இதுதான்: நான் போனால் பார்ப்போம். போகாவிட்டால் 31-ஆம் தேதி விமான நிலையத்தில் பார்ப்பதுதான்.

நான் வருகிறேன் என்று சொல்லவில்லை. விசாரிப்பதில் தவறில்லை என்று டிராவல்ஸ்காரரை வரச் சொன்னேன். விவரமானவர், ஆனால் பேனாவை வாயில் வைக்கிறார். அவர் சொன்னது:

ஏழு நாட்டுக்கு ஒரே விசா, ஒரே முத்திரை. உள்ளே நுழைந்துவிட்டால் ஏழுக்குள்ளும் போகலாம், வரலாம்.
ஆனால் ஏழும் சேர்த்துத்தான் தொண்ணூறு நாள். நாட்டுக்கு நாடு புதிதாக எண்ணக் கூடாது.
ஒரு முறை நுழைய மட்டும் அனுமதி என்றால், நடுவில் இங்கிலாந்தோ சுவிட்சர்லாந்தோ எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது. வெளியே போனது போனதுதான்.
பாஸ்போர்ட் பம்பாய்க்குப் போக வேண்டும். (மும்பை என்று எழுதச் சொல்கிறார்கள். பார்க்கலாம்.)

எல்லாம் ஒழுங்கான சட்டம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. கடைசியில்தான் சொன்னார், "அங்கிருக்கறவங்க ஒருத்தரு உங்களுக்குப் பொறுப்பு ஏத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்போணுமுங்கம்மா. சாப்பாடு, வைத்தியம்..." தயங்கினார். "ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா திருப்பி அனுப்பற பொறுப்பு வரைக்குமுங்க."

அதாவது என் உடலை.

செலின் உடனே, "நானு போடறேன். நர்ஸ் வேலையில எத்தன பேரத் துணி சுத்தி அனுப்பிச்சிருப்பேன்!" என்று சிரித்தாள். டிராவல்ஸ்காரரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் கணவர் போன பிறகு தோப்பை நான் பார்த்தேன். மகனைப் படிக்க வைத்தேன். மச்சாண்டார், அவர் அண்ணன், வந்து "நானு பாத்துக்கறேன்" என்றபோதுகூட, "வேண்டாமுங்க" என்றேன். இந்த வயதில் ஒருத்தி பொறுப்பில் நான் போய் இருப்பதா? டிராவல்ஸ்காரர் பேனாவைத் துடைத்து, தாளோடு திருப்பிக் கொடுத்தேன். "யோசித்துச் சொல்கிறேன்." அதற்கு என்ன அர்த்தம் என்று செலினுக்குத் தெரியும்.

24.1.97, வெள்ளி

மேகமூட்டம். பாலக்காட்டுக் காற்று, கதவெல்லாம் அடித்துக்கொள்கிறது. நீட்டிப்பு கிடைத்துவிட்டது, பாஸ்போர்ட் கைக்கு வந்தது. போய் வந்த ஆட்டோவில் இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

செலின் மதியம் சமையலறையில் பொன்னாத்தாவோடு உட்கார்ந்து அரிசிம்பருப்பு சாதத்துக்குப் பூண்டு உரித்தாள். பொன்னாத்தா என் வீட்டில் இருபது வருடம். சமையல் அவள், சாவி அவள், வாய் அவள். என் குரல் கேட்கும் தூரத்தில்தான் பேசினார்கள்.

"அம்மா போகலீன்னு சொல்லிப்போட்டாங்களாக்கு?"

"சொல்லுல. பேனாவத் தொடச்சுக் குடுத்துட்டா."

"அப்ப போகலீங்க."

"விடு பொன்னாத்தா. இவ ஊட்டுல நானு கூடத்தத் தாண்டிச் சமயக்கட்டுக்குள்ள வாறதுக்கு விசா கெடைக்கவே நாப்பது வருசம் ஆச்சு. அவசரப்பட்டா ஆகுமா?"

என் அம்மா இருந்த வரை செலினுக்குக் கூடத்து நாற்காலிதான், தனி டம்ளர்தான். உண்மை. உள்ளே போய்ப் பதில் சொல்லலாம் என்று எழுந்தேன். அடித்துக்கொண்டிருந்த கதவுக்குக் கொக்கி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

சாதத்தில் உப்பு ஒரு கல் கூட. சொல்லவில்லை.

26.1.97, ஞாயிறு

குடியரசு தினம். பெங்களூரிலிருந்து மகன் போன். "அம்மா, இந்த வயசுல அவ்வளவு தூரம் எதுக்கு? குளிருல விழுந்து வெச்சா யாரு பாக்கறது?" போக வேண்டாம் என்று நானே முடிவு செய்துவிட்டால் அது என் முடிவு. அவன் சொன்னதும் ஏனோ கோபம். "நீ உன் பெல்ட் கேஸைப் பார்" என்று வைத்துவிட்டேன். (அவன் கம்பெனி விற்ற மெஷின் பெல்ட் பற்றிக் கோர்ட்டில் ஏதோ வழக்கு.)

செலின் செய்தித்தாளைக் கீழே இறக்காமல், "பாத்துக்கறதுக்கு ஆளு இருக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே" என்றாள்.

நான் கேட்காத மாதிரி. அவளும் சொல்லாத மாதிரி.

29.1.97, புதன்

பனி. சால்வையைக் காணோம். அலமாரி, கொடி, சாய்வு நாற்காலி, எங்கும் இல்லை. பொன்னாத்தாவைக் கேட்டேன். "துவைக்கப் போட்டிருப்பனுங்க." கம்பளிச் சால்வையைத் துவைக்கப் போடுகிறவள் அல்ல அவள். வயதாகிறது அவளுக்கும்.

இன்று பெரிய விவாதம். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசையில் புறப்படக் கூடாது. செலின் போவது வெள்ளி, திசை மேற்கு. பொன்னாத்தா ஒரேயடியாக மறுத்தாள். "நல்ல நாள்ல பொட்டியப் பரஸ்தானம் வெச்சிரலாமுங்க. இன்னைக்கே பொட்டி படி தாண்டிருச்சுன்னா, இன்னைக்கே பயணம் பொறப்பட்ட கணக்கு. அப்பறம் வெள்ளிக்கெழம ஆளு சும்மா பின்னால போறதுதானுங்க."

செலின் கத்தோலிக்கச்சி. சந்தோஷமாகச் சம்மதித்தாள். "இமிகிரேசன்ல இந்த வசதி இல்லியே!"

எனக்குச் சூலத்தில் நம்பிக்கை இல்லை. சிஸ்டர்கள் அதைப் போக்கிவிட்டார்கள். ஆனால் செய்வதென்றால் அரைகுறையாகச் செய்யக் கூடாது. செலினிடம் சட்டத்தைச் சொன்னேன்: பெட்டி வேறு வீட்டில் இருக்க வேண்டும். வெளியே போன பொருள் பயணம் முடியாமல் இந்தப் படிக்குள் திரும்பக் கூடாது. ஊசி நூல்கூட. "ஒரே தடவ விசா மாதிரி," என்றாள். அதே மாதிரிதான் என்றேன்.

பத்தரை மணிக்குப் பெட்டி ஜைனப் வீட்டுக் கார் ஷெட்டுக்குப் போயிற்று. பொன்னாத்தாவே கட்டி, பூட்டி, தள்ளிக்கொண்டு போனாள். ஜைனப், "இருக்கட்டும் தேவகிக்கா. நோன்பு மாசம், பொட்டியும் எங்களோட நோன்பு இருக்கட்டும்" என்றாள்.

30.1.97, வியாழன்

இன்று கையெழுத்து அச்சு மாதிரி இல்லை. சிரித்ததில். சிரித்தது மட்டுமில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

காலை டிராவல்ஸ்காரர் போன். விமான டிக்கெட்டை மதியத்துக்குள் மறு உறுதி செய்ய வேண்டும், டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் கொண்டு வாருங்கள். செலின் கைப்பையைக் கொட்டினாள். ஜெபமாலை, மிட்டாய், கண்ணாடி. "பத்திரமா இருக்கட்டும்னு பொட்டிக்குள்ள போட்டுட்டேன்."

"பொட்டியக் கொண்டா," என்று அவள் பொன்னாத்தாவைப் பார்த்தாள். பொன்னாத்தா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், "முடியாது. வெளியே போனது உள்ளே வரக் கூடாது. சட்டம் சட்டம்தான்."

"அப்ப நாம போலாம்."

பொன்னாத்தாவின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "நானே போயி எடுத்துட்டு வாரனுங்க, நீங்க எதுக்குங்க வெயில்ல..." பத்து மணிக்கு ஏது வெயில்? நாங்கள் போனோம். அவள் பின்னாலேயே வந்தாள்.

கார் ஷெட் தரையில் ஜைனப் பாய் விரித்தாள். செலினால் குனிய முடியாது, நான் திறந்தேன். மேலே செலினின் துணி, காப்பித்தூள், அப்பளக் கட்டு. ஓரத்தில் டிக்கெட், பாஸ்போர்ட். எடுத்துவிட்டேன். மூடப் போனவள், அடியில் பழுப்பாக ஒரு மூலையைப் பார்த்தேன்.

என் சால்வை.

அதற்குக் கீழே என் இரண்டு கைத்தறிச் சேலை, ரவிக்கை, உள்பாவாடை, என் சீப்பு. எல்லாம் நான் மடிக்கிற மாதிரியே மடித்து.

"பொன்னாத்தா!"

"ஏனுங்க."

"இது யாருடையது?"

"உங்களுதுங்க."

"இந்தப் பெட்டிக்கு எப்படி வந்தது?"

"நானு வெச்சனுங்க." தூணைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் குரலை இறக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் சேத்துப் பரஸ்தானம் வெச்சுப்போட்டனுங்க. நீங்க போறதுன்னு முடிவு பண்ணறதுக்குள்ள நல்ல நாளெல்லாம் போயிருமுங்க. ராத்திரி பூரா அந்தம்மா இருமறப்ப நீங்க எந்திரிச்சு எந்திரிச்சுப் போயி நிக்கறீங்க. அந்தம்மா போயிட்டா யாரு ரூமு வாசல்ல போயி நிப்பீங்க?"

ஜைனப் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா என்னவோ.

செலினுக்கும் தெரியாதுதான், முகம் சொல்லிற்று. மெதுவாகச் சால்வையை உருவி என் பக்கம் நீட்டினாள். "எடுத்துக்கோ தேவகி. உன்னுது. ஊட்டுக்குக் கொண்டு போ."

கேலி இல்லாமல் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. என் பெயரை அவள் கேலி இல்லாமல் சொல்வது அபூர்வம்.

கையை நீட்டினேன் என்பது உண்மை. கம்பளியைத் தொட்டும்விட்டேன். போன வாரத் திங்கட்கிழமை, போலீஸ் அலுவலகம் ஞாபகம் வந்தது. அவள் என் பொறுப்பு என்று நான் கையெழுத்துப் போட்டபோது, பக்கத்தில் நின்று எப்படிச் சிரித்தாள். ஒரு கணமும் கூச்சப்படவில்லை. ஐஸ்கிரீம் கேட்டாள்.

"உள்ளே வை," என்றேன். "வெளியே போனது போய்த்தான் வர வேண்டும். நான்தானே சொன்னேன், ஊசி நூல்கூட என்று."

"சட்டமா?"

"சட்டம்."

அவள் திரும்ப வைத்தாள். கோணலாக. நான் எடுத்துச் சரியாக மடித்து வைத்தேன். பெட்டியைப் பூட்டினோம். பொன்னாத்தா அழுகிறாள், பிறகு திடீரென்று, "சீப்பு மட்டும் வேணுமின்னா எடுத்துக்கறீங்களாங்க?" என்கிறாள். அப்போது ஆரம்பித்த சிரிப்பு. ஜைனப் நோன்போடு மூச்சுப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள்.

அங்கிருந்தே டிராவல்ஸுக்குப் போனோம், டிக்கெட் உறுதி ஆயிற்று; டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் இன்றிரவு ஜைனப் வீட்டில். விசாவைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. செலினும் கேட்கவில்லை.

புதுச் சீப்பு வாங்க வேண்டும்.

31.1.97, வெள்ளி

தெளிந்த வானம். பீளமேடு விமான நிலையம் வரை ஜைனப் வீட்டுக் கார். பெட்டி அங்கிருந்தே ஏறிற்று, என் வாசலைத் தொடவில்லை. பொன்னாத்தா கேட்டில் நின்று, "பாத்துப் போயிட்டு வாங்கம்மணி" என்றாள். வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பாள். இன்று ஏதோ திட்டம் போட்டு ஜெயித்தவள் மாதிரி நின்றாள்.

உள்ளே போகும் முன் செலின் என் முந்தானையைச் சரி செய்தாள். நர்ஸ் கை. "பொட்டி எட கூடிப்போச்சு. உன் சேல ரெண்டும் கல்லு மாதிரி."

"நல்ல நூல் அப்படித்தான் இருக்கும்."

"வாரேன்."

தலையசைத்தேன்.

வீட்டில் அவள் அறை. ஜன்னலைச் சாத்தினேன். இருமல் மருந்து பாதி பாட்டில்.

2.2.97, ஞாயிறு

இந்த வருடத்தில் இதுவரை இவ்வளவு குளிர் இல்லை. இரண்டு சேலை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பால் இன்று சுத்தம். பால்காரருக்கு என்ன ஆயிற்றோ.

பொன்னாத்தாவிடம், "அந்தச் சால்வை இருந்தால் நன்றாக இருக்கும்" என்றேன்.

"அது பெல்ஜியத்துல இருக்குதுங்கம்மா," என்று வெங்காயம் நறுக்குகிறாள்.

மதியம் போன். கடலுக்கடியில் பேசுகிற மாதிரிக் குரல். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள். பனி கொட்டுகிறதாம். அப்பளம் ஒன்றுகூட உடையவில்லையாம். துணிக்கு நடுவே பொன்னாத்தா வைத்திருக்கிறாள்.

"காத்தால உன் சால்வையப் போத்தீட்டு, ரோட்டு வழியா ஹாலந்து போயி ரொட்டி வாங்கியாந்தேன். ஒருத்தரும் நிறுத்துல. எனக்காச்சும் அட்டை இருக்குது. அதுக்கு ஒண்ணுமே கெடையாது."

"நீ ஏன் பனியில் வெளியே போனாய்? டாக்டர் என்ன சொன்னார்?"

"டாக்டரு சொன்னத நீ வந்து சொல்லு."

பேசுகிற சத்தத்தில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. நீளமாக. அங்கே யார் எழுந்து போய் வாசலில் நிற்கிறார்கள்? கேட்டுக்கொண்டு நின்றேன். இருமல் நின்றதும், "தேவகி, இருக்கறயா?" என்றாள்.

"இருக்கிறேன். அந்தப் பொறுப்புத் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு."

மறுமுனையில் மூக்குச் சிந்துகிற சத்தம்.

"திருப்பி அனுப்பறதுக்கும் சேத்தா?"

"எல்லாவற்றுக்கும் சேர்த்து. நிதானமாகப் போடு. கோட்டுக்கு மேலே ஏறக் கூடாது."

நாளை:
டிராவல்ஸ் (பாஸ்போர்ட் பம்பாய்க்கு)
சீப்பு
அவள் கையெழுத்து கோணலாகத்தான் வரும். இருக்கட்டும்.